நாற்பது பாட்டுக்கும் ஒரே சத்தம் வர என்ன செய்யலாம்?

உங்கள் கேள்வியை முதலில் என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிக்கொள்கிறேன். அப்பா அம்மாவின் அறுபதாம் கல்யாணத்தில் போடுவதற்காக 1960களிலிருந்து போன வருடம் வரைக்குமான நாற்பது பாட்டுகளை எடுத்திருக்கிறீர்கள். ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டி இரண்டரை மணி நேரத்துக்கு ஒரே கோப்பாக ஆக்கிவிட்டீர்கள். ஓடவிட்டால் பழைய பாட்டு எங்கோ பக்கத்துத் தெருவில் பாடுகிற மாதிரி இருக்கிறது. வால்யூமைக் கூட்டி வைத்தால் அடுத்து வரும் புதுப் பாட்டு காதைக் கிழிக்கிறது. எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து 'நார்மலைஸ்' கொடுத்தீர்கள், ஒன்றும் மாறவில்லை. உரத்த இடங்களை அழுத்தும் கம்ப்ரசர் போட வேண்டுமா, எல்லோரும் சொல்லும் 'மைனஸ் 14' என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியின் அடியில் இருப்பது இதுதான் என்று நினைக்கிறேன்: கணினி எல்லாம் சமம் என்று சொன்ன பிறகும் காது ஏன் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறது?

நான் படித்துப் பட்டம் வாங்கிய ஒலிப் பொறியாளர் இல்லை. 1980களின் கடைசியில் ஒரு சின்ன ஊரில் கேசட் ரெக்கார்டிங் சென்டரில் வேலைக்குச் சேர்ந்தேன். அந்தத் தொழில் பதிப்புரிமைச் சட்டப்படி சரியா என்று இப்போது கேட்டுவிடாதீர்கள். அப்போது ஊருக்கு நான்கு கடை இருந்தது. அப்புறம் இருபது வருடத்துக்கு மேல் மைக் செட், மண்டபம், கோயில் கச்சேரி என்று ஓடிவிட்டது. அந்த அனுபவத்தில் சொல்கிறேன். எது உறுதி, எது என் ரசனை என்று பிரித்தே சொல்லப் பார்க்கிறேன்.

அந்தக் கேசட் கடையிலிருந்தே தொடங்கலாம், ஏனென்றால் உங்கள் பிரச்சினை அங்கே இல்லை. கோடு போட்ட தாளில் பதினாறு பாட்டு எழுதிக்கொண்டு வருவார்கள். 60 நிமிடக் கேசட்டா 90 நிமிடக் கேசட்டா என்று கேட்டு வாங்கி வைப்போம். ஒரு பாட்டு இசைத்தட்டில் இருக்கும், அடுத்தது கம்பெனிக் கேசட்டில், அதற்கடுத்தது எவரோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த சி.டி.யில். மூன்றும் மூன்று சத்தம். பதிவு செய்யும் டெக்கில் சத்தத்தின் அளவைக் காட்டும் இரண்டு ஊசிகள் இருக்கும். பாட்டின் சத்தமான இடத்தை, பெரும்பாலும் இரண்டாவது இடையிசையோ கடைசிப் பல்லவியோ, முதலில் ஓட்டிப் பார்ப்போம். ஊசி பூஜ்யத்தை ஒட்டி ஆடி எப்போதாவது சிவப்பைத் தொட்டுவிட்டு வருகிற மாதிரி ரெக்கார்ட் குமிழைத் திருப்பி வைப்போம். அந்தக் குமிழ் எண்ணை நோட்டில் பாட்டுப் பெயருக்குப் பக்கத்தில் எழுதிவைப்போம், அடுத்த முறை தேட வேண்டாமே. முதலாளி சொல்வது ஒன்றே ஒன்றுதான்: "ஊசி ஆடணும், முட்டக் கூடாது." அப்படிப் பதிந்த கேசட்டைப் பேருந்தில் போட்டால் திருச்சியிலிருந்து மதுரை வரை ஓட்டுநர் வால்யூமைத் தொட மாட்டார்.

பிறகு கணினி வந்தது. ஊசி போய்ப் பச்சைப் பட்டை வந்தது. 'நார்மலைஸ்' என்ற பொத்தான் வந்தது. குமிழைத் திருப்பிக்கொண்டிருந்த நாங்கள் ஒரு கிளிக்கில் வேலை முடிந்ததென்று சந்தோஷப்பட்டோம். அப்படிச் செய்த முதல் சி.டி.யை வாங்கிப்போனவர் மறுநாளே திருப்பிக் கொண்டுவந்தார், நீங்கள் இப்போது சொல்லும் அதே புகாரோடு. ஏன் என்று புரிய எனக்குச் சில வருடம் ஆனது.

அந்தப் பழைய ஊசிக்கு வேகமாக ஆடத் தெரியாது. ஒரு சத்தம் வந்தால் அது எழுந்து நிற்க ஏறக்குறைய 300 மில்லி விநாடி ஆகும். அதனால் மிருதங்கத்தில் விழும் ஒரு அடியை அது முழுதாகக் காட்டாது. அடிகளும் குரலும் வயலினும் சேர்ந்து சராசரியாக எவ்வளவு கனம் என்பதையே காட்டும். குறை என்று நினைத்தால் குறைதான். ஆனால் நம் காதும் ஏறக்குறைய அப்படித்தான் வேலை செய்கிறது. கணினியின் பட்டையோ எந்த நொடித்துளியிலும் வந்த உச்சத்தை, பீக்கை, அப்படியே பிடித்துக் காட்டும். நார்மலைஸ் பொத்தானும் அந்த உச்சத்தை மட்டுமே பார்க்கிறது. வீட்டில் ஒருவர் ஒருமுறை கை தட்டுகிறார், சமையலறையில் மிக்ஸி ஐந்து நிமிடம் ஓடுகிறது. உச்சத்தை அளந்தால் கைதட்டல் மிக்ஸிக்குச் சமமாகவோ அதற்கு மேலாகவோ வரலாம். ஆனால் தொலைபேசியில் பேசுகிறவர் எழுந்து வெளியே போவது மிக்ஸிக்காகத்தான்.

உங்கள் விஷயத்தில் இரண்டு தவறு ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்திருக்கிறது. முதலாவது, நாற்பதையும் ஒரே டிராக்காக ஒட்டிய பிறகு நார்மலைஸ் கொடுத்தது. அப்போது மென்பொருளுக்கு அது நாற்பது பாட்டு என்று தெரியாது, இரண்டரை மணி நேரப் பாட்டு ஒன்று என்றுதான் எண்ணும். அதன் மிக உயர்ந்த உச்சத்தைத் தேடி, எவ்வளவு ஏற்ற இறக்கம் வேண்டுமோ அதை முழு நீளத்துக்கும் ஒரே அளவாகச் செய்யும். பாட்டுகளுக்குள் இருந்த வித்தியாசம் அப்படியே இருக்கும். பந்தியில் எல்லோரையும் ஒரே உயரப் பலகையில் ஏற்றினால் குள்ளமும் நெட்டையும் மறையுமா? இரண்டாவது, தனித்தனியாகக் கொடுத்திருந்தாலும் அது உச்சத்தைத்தான் சமன் செய்திருக்கும்.

எண்களோடு பார்த்தால் தெளிவாகும். கணினியில் பூஜ்யம்தான் கூரை, மற்றதெல்லாம் அதற்குக் கீழே மைனஸில் எண்ணப்படும். இதை எழுதும்முன் என் கணினியில் இருந்த இரண்டு கோப்புகளை அளந்தேன். ஒன்று 1960களின் மெல்லிசைப் பாட்டு, மோனோவில் பதிந்தது. அதன் உச்சம் மைனஸ் 1.2 டெசிபெல், சராசரிக் கனம் மைனஸ் 19.4. இன்னொன்று சமீபத்திய குத்துப்பாட்டு. உச்சம் பூஜ்யம், கனம் மைனஸ் 8.1. உச்சத்தில் இரண்டுக்கும் 1.2 டெசிபெல்தான் வித்தியாசம். கனத்திலோ 11.3. பொதுவான கணக்கில் 10 டெசிபெல் கூடினால் காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகப்படும். ஆம்ப்ளிஃபயர் பக்கம் அது பத்து மடங்கு சக்தி, 100 வாட் செய்த வேலைக்கு 1,000 வாட். இந்த இரண்டையும் உச்சம் மைனஸ் 1 என்று நார்மலைஸ் செய்தால் பழையது 0.2 கூடும், புதியது 1 குறையும். கனத்தில் இன்னமும் 10 டெசிபெல் பள்ளம் இருக்கும். உங்கள் காது சொன்னது பொய்யே இல்லை.

இந்தப் பள்ளம் எப்படி வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலப் பதிவில் பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து ஒரே ஓட்டமாக வாசித்தார்கள். தபலா உரக்க விழும், புல்லாங்குழல் மெலிந்து வரும், அந்த மேடு பள்ளம் பெரும்பாலும் அப்படியே நாடாவில் ஏறியது. சி.டி.யும் கணினியும் வந்த பிறகு லிமிட்டர் என்ற கருவியால் உச்சங்களை மழித்து, மீதியை மேலே தூக்க முடிந்தது. பக்கத்துப் பாட்டைவிட நம் பாட்டு ஒரு படி உரக்கக் கேட்க வேண்டும் என்ற போட்டி உலகம் முழுக்க நடந்தது. 2008இல் மெட்டாலிகா என்ற அமெரிக்க ராக் குழுவின் ஒரு ஆல்பம் அளவுக்கு மீறி உரக்கச் செய்யப்பட்டு ஒலி கிழிகிறது என்று ரசிகர்களே சண்டைக்கு வந்தார்கள். நம் ஊர்ப் பாட்டும் அந்தப் போட்டிக்கு வெளியே நிற்கவில்லை. ஒரே பழைய பாட்டின் பழைய சி.டி.யையும் 'ரீமாஸ்டர்' என்று போட்டு வரும் புதுக் கோப்பையும் அலைவடிவப் படத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முன்னது தென்னை வரிசை மாதிரி இருக்கும். பின்னது பெரும்பாலும் மதில் சுவர்.

சரி, தீர்வு. பழைய ஊசி செய்த வேலையை இன்னும் நுட்பமாகச் செய்யும் அளவுகோல் ஒன்று இப்போது இருக்கிறது. எல்.யு.எஃப்.எஸ். என்று எழுதுவார்கள், லஃப்ஸ் என்று வாயில் சொல்வார்கள். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2006இல் இதற்கான முறையை வெளியிட்டது. ஐரோப்பிய ஒளிபரப்பாளர்கள் 2010இல் அதை எடுத்து, எல்லா நிகழ்ச்சியும் மைனஸ் 23இல் இருக்க வேண்டும் என்று வகுத்துக்கொண்டார்கள். செய்தியைவிட விளம்பரம் அலறுகிறது என்ற எரிச்சல் அதற்கு ஒரு பெரிய காரணம். இந்த அளவுகோல் ஒலியை 400 மில்லி விநாடித் துண்டுகளாக எடுத்துக்கொள்ளும். காது கூர்மையாகக் கேட்கும் மேல் சுரங்களுக்குக் கொஞ்சம் அதிக மதிப்பும், அடி ஆழத்து அதிர்வுக்குக் குறைந்த மதிப்பும் கொடுக்கும். மௌனத்தையும், பாட்டின் பொதுக் கனத்தைவிட 10 அலகுக்கும் கீழே கிடக்கும் மெல்லிய இடங்களையும் கணக்கில் சேர்க்காது. அதனால் நீண்ட ஆலாபனையோடு தொடங்கும் பாட்டு அந்த அமைதிக்காகத் தப்பாக எடைபோடப்படாது.

ஆடாசிட்டியில் இது நார்மலைஸுக்குப் பக்கத்திலேயே 'லவுட்னஸ் நார்மலைசேஷன்' என்ற பெயரில் இருக்கிறது. ஒட்டிவைத்த கோப்பை விட்டுவிட்டு மூலப் பாட்டுகளுக்கே திரும்பிப் போங்கள். நாற்பதையும் தனித்தனி டிராக்காக உள்ளே கொண்டுவந்து, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து இந்த வசதியைக் கொடுத்தால், ஒவ்வொரு டிராக்கையும் அது தனியாக அளந்து தனியாகச் சரிசெய்யும். அதன்பிறகு டிராக்ஸ் மெனுவில் ஒன்றன் முடிவில் அடுத்ததை அடுக்கும் வசதி இருக்கிறது, அதில் வரிசைப்படுத்திக்கொள்ளலாம். மூலக் கோப்புகள் இப்போது கையில் இல்லை என்றால், ஒட்டிய கோப்பிலேயே ஒரு பாட்டின் தொடக்கத்திலிருந்து முடிவு வரை தேர்ந்தெடுத்து அந்த வசதியைக் கொடுங்கள். அடுத்த பாட்டைத் தேர்ந்தெடுத்துக் கன்ட்ரோலும் ஆரும் சேர்த்து அழுத்தினால் அதே வேலை திரும்ப நடக்கும். நாற்பது முறை செய்ய அரை மணி நேரம் போதும். ஆனால் பாட்டுகளை ஒன்றுக்குள் ஒன்று கரையவிட்டு ஒட்டியிருந்தால் இது சுத்தமாக வராது. அப்போது மூலத்துக்குப் போவதைத் தவிர வழியில்லை.

அந்தப் பெட்டியில் என்ன எண் கொடுப்பது? இங்கேதான் பெரும்பாலோர் தப்பு செய்கிறார்கள். புதுப் பாட்டின் கனத்துக்குப் பழையதைத் தூக்கப் பார்க்கிறார்கள். மேலே சொன்ன பழைய பாட்டுக்கு உச்சத்துக்கு மேலே 1.2 டெசிபெல்தான் இடம் இருக்கிறது. அதை 11 டெசிபெல் தூக்கினால் ஒவ்வொரு தபலா அடியும் கூரையில் முட்டி உடையும். ஆகவே தலைகீழாகச் செய்ய வேண்டும்: மெலிந்த பாட்டு ஏறக்குறைய அது இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும், உரத்ததை அங்கே இறக்குங்கள். என் எடுத்துக்காட்டில் மைனஸ் 20 என்று வைத்தால் பழையது அரை டெசிபெல்லுக்குக் கொஞ்சம் மேல் குறையும், புதியது 12 டெசிபெல்லை ஒட்டிக் குறையும். எதுவும் உடையாது. 1960கள், 70கள் கலந்த உங்கள் தொகுப்புக்கும் மைனஸ் 20இல் தொடங்குங்கள். முடித்ததும் எந்த டிராக்காவது பூஜ்யத்தை முட்டிச் சிவப்புக் கோடு காட்டினால், எல்லாவற்றுக்கும் சேர்த்து 21 அல்லது 22க்கு இறங்குங்கள்.

ஒரு எச்சரிக்கை: செய்து முடித்துத் திரையைப் பார்த்தால் குத்துப்பாட்டின் அலை ஒல்லிக் கோடாகவும், பழைய மெல்லிசை திரையை அடைத்துக்கொண்டும் தெரியும். ஏதோ தலைகீழாகிவிட்டது என்று பயந்து பலர் திருப்பிவிடுகிறார்கள். அப்படித்தான் இருக்க வேண்டும். படம் உச்சத்தைக் காட்டுகிறது, நாம் சமன் செய்தது கனத்தை. கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள்.

குறைத்தால் தரம் போய்விடுமே என்று கேட்பீர்கள். போகாது, இதில் எனக்குச் சந்தேகமில்லை. 16 பிட் ஒலிக்கு ஏறக்குறைய 96 டெசிபெல் வீச்சு இருக்கிறது. அதில் 12ஐ விட்டுக்கொடுத்தால், சாப்பாட்டு மண்டபத்தின் பேச்சுச் சத்தத்துக்கு நடுவில் எவர் காதுக்கும் தெரியாது. மொத்தச் சத்தம் குறைந்துபோனதே என்றால் அதற்குத்தான் ஆம்ப்ளிஃபயரில் குமிழ் இருக்கிறது. ஒருமுறை ஏற்றி வைத்தால் இரண்டரை மணி நேரமும் அங்கேயே இருக்கும், நீங்கள் விரும்புவதும் அதுதானே. கைபேசியிலேயோ சின்ன புளூடூத் பெட்டியிலேயோ முழு வால்யூமும் வைத்தும் பத்தவில்லை என்றால் மட்டும் விஷயம் வேறு. அப்போது மைனஸ் 16 வரை ஏறலாம். பழைய பாட்டுகளில் முட்டும் உச்சங்களை மட்டும் லிமிட்டரால் இரண்டு மூன்று டெசிபெல் தட்டிவிட வேண்டிவரும். மண்டபத்துக்கு அந்தத் தேவை இல்லை.

அதே பெட்டியில் மோனோவை இரட்டை மோனோவாகக் கணக்கிடும் தேர்வு ஒன்று இருக்கும். அதில் டிக் இருக்கட்டும். இந்த அளவுகோல் இரண்டு சேனலின் சக்தியையும் கூட்டுகிறது. ஒரே சேனலில் இருக்கும் பழைய பாட்டு, அதே பாட்டு ஸ்டீரியோக் கோப்பாக இருந்தால் காட்டுவதைவிட 3 அலகு குறைவாகக் காட்டும். ஆனால் ஓடும்போது இரண்டு ஸ்பீக்கரிலும் வரும். டிக்கை எடுத்துவிட்டால் மோனோப் பாட்டுகள் மட்டும் 3 டெசிபெல் தூக்கலாக நிற்கும்.

இப்போது அந்த 'மைனஸ் 14'. ஸ்பாட்டிஃபை பாட்டுகளை இயல்பாகக் கொண்டுவந்து நிறுத்தும் இடம் அது. ஆப்பிள் மியூசிக்கில் அது மைனஸ் 16. யூடியூப் ஏறக்குறைய 14க்கு மேல் இருப்பதை இறக்கும், கீழே இருப்பதைத் தூக்காது. இதெல்லாம் அவரவர் கடையின் அளவுப்படி. உங்கள் பென் டிரைவுக்குள் வந்து எட்டிப்பார்க்க அவர்களில் யாரும் இல்லை. எந்த எண் என்பது முக்கியமே இல்லை, நாற்பதுக்கும் ஒரே எண்ணாக இருப்பதும் எந்தப் பாட்டும் கூரையில் முட்டாமல் இருப்பதும்தான் முக்கியம்.

இதுவரை சொன்னது கணக்கு, அதில் வாதத்துக்கு இடம் குறைவு. இனிமேல் சொல்வதில் கொஞ்சம் கணக்கும் நிறையப் பழக்கமும் கலந்திருக்கும். அளவுகோல் எல்லாம் சமம் என்று சொன்ன பிறகும் இரண்டு மூன்று பாட்டு துருத்திக்கொண்டு நிற்கும். மனிதர் காது குரலைப் பிடித்துக்கொள்கிறது. போன பாட்டில் பாடகர் எவ்வளவு கிட்டே நின்றார், இந்தப் பாட்டில் எவ்வளவு கிட்டே நிற்கிறார் என்றுதான் நாம் நம்மை அறியாமல் ஒப்பிடுகிறோம். பழைய பாட்டில் குரல் முன்னால், வாத்தியம் பின்னால். இன்றைய நடனப் பாட்டில் தாளமும் பேஸும் கனத்தின் பெரும்பங்கை எடுத்துக்கொள்கின்றன. அளவுகோல் அந்த பேஸையும் எண்ணித்தான் பாட்டை இறக்கும், குரலும் கூடவே இறங்கிப்போகும். பேஸ் வராத கைபேசி ஸ்பீக்கரில் கேட்டால் அந்தப் பாட்டு சோர்ந்து தெரியும். மண்டபத்தில் பேஸ் பெட்டி நான்கு வைத்து ஓட்டினால் அதே பாட்டு வயிற்றில் இடிக்கும். இரண்டுக்கும் பொருந்தும் ஒரு எண் கிடையாது. எந்த ஸ்பீக்கரில் ஓடப்போகிறது என்று தெரிந்தால்தான் கூட்டுவதா குறைப்பதா என்று சொல்ல முடியும், உங்கள் கேள்வியில் அது இல்லை. குழாய் ஸ்பீக்கர் கட்டுகிற ஊர் என்றால் இன்னொன்று: உயர் சுரத்தில் பாடிய பழைய பெண்குரல் பாட்டுகள் அதில் ஊசியாகக் குத்தும். அவற்றை ஒரு டெசிபெல், ஒன்றரை டெசிபெல் குறைத்து வைப்பது என் வழக்கம்.

இந்தத் துருத்தலைக் கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று உண்டு. வால்யூமை மிகக் குறைத்து, காதில் விழுகிறதா இல்லையா என்ற நிலையில் வைத்து, பாட்டுகளைத் தாவித் தாவி ஓட்டுங்கள். எது முதலில் காணாமல் போகிறதோ அது தாழ்வு, எது மட்டும் கேட்கிறதோ அது தூக்கல். அல்லது ஓடவிட்டுவிட்டுச் சமையலறையில் போய் நில்லுங்கள். முன்னால் உட்கார்ந்து கேட்டால் பிடித்த பாட்டு எல்லாம் சரியாகவே இருப்பதாகத் தோன்றும், அடுத்த அறையிலிருந்து கேட்டால் அந்தப் பாசம் குறுக்கே வராது. ஒரு பாட்டை ஒரு டெசிபெல் மாற்றினால் வித்தியாசம் மங்கலாகத் தெரியும், இரண்டு மாற்றினால் நன்றாகவே தெரியும். மூன்றுக்கு மேல் மாற்ற வேண்டியிருக்கிறதென்றால் எங்கோ அளவு தப்பியிருக்கிறது என்று அர்த்தம், மறுபடி அளந்து பாருங்கள்.

தொகுப்புக்கென்று ஒரு தனித் தலைவலி உண்டு, இதைச் சொல்லுகிறவர்கள் குறைவு. அளவுகோல் பாட்டு முழுவதற்கும் ஒரே எண் கொடுக்கிறது. கேட்கிறவருக்கோ உறைப்பது சேரும் இடம். போன பாட்டு முழு ஆரவாரத்தில் முடிகிறது, அடுத்தது ஒற்றை வீணையிலோ வெறும் முணுமுணுப்பிலோ தொடங்குகிறது. இரண்டும் மைனஸ் 20தான். ஆனால் அந்த இடத்தில் 'சவுண்டு போச்சா?' என்று யாராவது திரும்பிப் பார்ப்பார்கள். எனவே ஒவ்வொரு சேரும் இடத்திலும் முன்னால் 15 விநாடி, பின்னால் 15 விநாடி மட்டும் கேளுங்கள். நாற்பது பாட்டுக்கு முப்பத்தொன்பது இணைப்பு, இருபது நிமிட வேலை. முடியும் பாட்டின் கடைசி ஆரவாரத்தை மெல்ல இறக்கிவிடலாம். தொடங்கும் பாட்டின் முதல் சில விநாடிகளை, இடத்துக்கு இடம் சத்தத்தை மாற்றும் என்வெலப் கருவியால் இரண்டு மூன்று டெசிபெல் தூக்கி, தாளம் சேரும்முன் பழைய இடத்துக்கே சரியவிடலாம். அதற்குப் பொறுமை இல்லையென்றால் வரிசையை மாற்றுங்கள். 1965க்கு அடுத்து 2022 வந்தால்தான் இந்தப் பள்ளம் பெரிதாகத் தெரியும். காலவரிசைப்படி அடுக்கினால் பாதி இணைப்புகள் தாமாகச் சரியாகும். அறுபதாம் கல்யாணத்துக்கு அது பொருத்தமாகவும் இருக்கும்.

கம்ப்ரசரைப் பற்றி. நாற்பதுக்கும் சேர்த்துப் போட வேண்டாம். புதுப் பாட்டுகள் ஏற்கெனவே நசுக்கப்பட்டவை, இன்னும் நசுக்குவதற்கு அதில் சாறு இல்லை. தவிலோ பறையோ விழும்போதெல்லாம் குரல் உள்ளே போய்ப் போய் வரும், மூச்சிரைக்கிற மாதிரி இருக்கும். ஆனால் பழைய பாட்டுகளில் சிலவற்றுக்கு மட்டும் இலேசாகப் போடுவதை நான் தப்பென்று சொல்ல மாட்டேன். பந்தி நடக்கும் மண்டபத்தில் முந்நூறு பேர் பேசிக்கொண்டிருக்கும்போது பல்லவி கேட்கும், சரணத்தின் மெல்லிய வரி பேச்சில் மூழ்கிவிடும். இரண்டுக்கு ஒன்று என்ற விகிதம், அதிகபட்சம் மூன்று நான்கு டெசிபெல் அழுத்தம், அவ்வளவுதான். செய்வதானால் கம்ப்ரசர் முதலில், லவுட்னஸ் சமன் பிறகு. மாற்றிச் செய்தால் சமன் கலைந்துவிடும். வீட்டில் அமைதியாகக் கேட்கும் தொகுப்புக்கு நான் இதைத் தொடவே மாட்டேன். அந்த மெல்லிய வரிக்காகத்தானே பழைய பாட்டைத் தேடிப் போகிறோம்? என் கூடத் தொழில் செய்த ஒருவர் எல்லாப் பழைய பாட்டுக்கும் போடுவார், அவருக்கும் வாடிக்கைக்குக் குறைவில்லை.

சத்தத்தைச் சமன் செய்வதால் தீராதவையும் உண்டு. புதுப் பாட்டு காதைக் கிழிக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். 12 டெசிபெல் இறக்கிய பிறகும் அது அதே கரகரப்போடு இருந்தால், கிழிசல் கோப்பிலேயே இருக்கிறது. வேறு நல்ல பிரதி தேடுவதுதான் வழி. பழைய பாட்டைத் தூக்க நேர்ந்தால் நாடாவின் இரைச்சலும் கூடவே எழும். பாட்டு ஓடும்போது தெரியாது, தொடங்கும்முன்பும் முடிந்தபின்பும் தெரியும். இரண்டு முனையையும் நறுக்கிச் சின்னதாகக் கரையவிட்டால் போதும். இரைச்சல் நீக்கும் கருவியைப் போட்டுக் குரலைத் தண்ணீருக்குள் பாடுவதுபோல் ஆக்கிவிடாதீர்கள்.

வெளியே எடுக்கும்போது எம்பி3 என்றால் 320 கேபிபிஎஸ் கொடுங்கள். இரண்டரை மணி நேரத்துக்கு 360 எம்பி வரும். வேவ் கோப்பாக எடுத்தால் 1.6 ஜிபி ஆகும், தரம் அப்படியே இருக்கும், ஆனால் மைக் செட்காரரின் பழைய பிளேயர் அதைப் படிக்காமல் போகலாம். இரண்டையும் பென் டிரைவில் போட்டு வைப்பது நல்லது. ஒரே கோப்பாக ஒட்ட வேண்டிய கட்டாயமே இல்லை, தனித்தனி எம்பி3களாகவே ஓட்டலாம் என்றால் வேலை இன்னும் எளிது. எம்பி3கெயின் என்ற பழைய இலவச மென்பொருள் கோப்பைத் திரும்ப நசுக்காமல், அதற்குள் இருக்கும் ஒலியளவு எண்ணை மட்டும் 1.5 டெசிபெல் படிகளில் மாற்றும். வேண்டாமென்றால் திருப்பிக்கொள்ளலாம். அதன் இயல்பான 89 என்ற இலக்கு, லஃப்ஸ் கணக்கில் தோராயமாக மைனஸ் 18. ரீப்ளேகெயின் என்ற இன்னொரு வழி, கோப்போடு ஒரு குறிப்பை மட்டும் ஒட்டிவைக்கும். கணினியில் அருமையாக வேலை செய்யும். மண்டபத்துப் பிளேயரும் கார் ஸ்டீரியோவும் பெரும்பாலும் அந்தக் குறிப்பைப் படிக்காது, அதை நம்பிப் போக வேண்டாம்.

விசேஷத்தன்று மைக் செட்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். இதுவரை அவர் கைக்கு வந்த பென் டிரைவ் எல்லாம் உரத்தவை. உங்களுடையது அவர் வழக்கமாக வைக்கும் இடத்தில் மெலிந்து கேட்கும். முதல் பாட்டு மெல்லிசை என்றால் அதை நம்பி ஃபேடரை, அதாவது மிக்சரின் வால்யூம் தள்ளியை, ஏற்றிவிடவும் கூடாது. தொகுப்பின் நடுவிலிருந்து ஒரு பாட்டின் பல்லவியை ஓட்டிக் காட்டி, அதற்கு அளவு வைத்துவிட்டுத் தொடாமல் இருக்கச் சொல்லுங்கள். நாதஸ்வரக்காரர்கள் எழுந்ததும் பென் டிரைவை நிறுத்த ஓர் ஆளையும் வையுங்கள், இரண்டும் சேர்ந்தால் எந்த அளவுகோலாலும் காப்பாற்ற முடியாது. ஆடாசிட்டியின் புராஜெக்ட் கோப்பை மட்டும் அழித்துவிடாதீர்கள். முந்தின நாள் ராத்திரி பத்து மணிக்கு அத்தை ஒருத்தி போன் செய்து, 'அந்த ஒரு பாட்டு இருக்கா?' என்று கட்டாயம் கேட்பார்.